சார்ஜ் பார்த்து வைத்த பத்திரிகை

லூனாஸில் எங்கள் தாமான் குடியிருப்பில் முதன்முதலாக மின்சாரக் கார் வாங்கியவர் காளிதாசன். இதைத் தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. அவர் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும், அவரே வந்து சொல்லிவிடுவார். நான் அடுத்த வீட்டு ரமணி. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காரின் மகிமையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்ட அளவுக்கு உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது.

காளிதாசன் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் குலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குத் தரை கூட்டப் போனார். இன்று ஐம்பத்தாறு வயதில், அதே தொழிற்சாலையில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால் அவரோடு பொழுது போக்குவது கொஞ்சம் கஷ்டம்.

அவருக்கு ஒரே ஒரு குறை. எதுவும் எந்த நேரத்திலும் தீர்ந்துபோகும் என்ற பயம். சமையல் கேஸ் அடுப்படியில் ஒன்று இருக்கும், அதற்கு மாற்றாக ஒன்று, அந்த மாற்றுக்கு மாற்றாக இன்னொன்று. பல்பசை பாதியானதும் புதியது வந்துவிடும். பழைய பெட்ரோல் கார் இருந்த காலத்தில், முள் பாதிக்கு இறங்கியதும் எண்ணெய் ஸ்டேஷனுக்குள் நுழைந்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதர் மின்சாரக் கார் வாங்கலாமா? வாங்கினார். மூன்று மாதம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கு அது தங்கமான கார். முழுதாக ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டர் ஓடும். வேலைக்குப் போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. பாசார், கோயில், கிளினிக் எல்லாம் சேர்த்தாலும் வாரத்துக்கு இரண்டு தரம் சார்ஜ் போட்டால் தாராளம். எண்ணெய் ஸ்டேஷனில் நிற்கத் தேவையில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் காளிதாசன் தினமும் போடுவார். பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வந்தாலும் வயரை எடுத்துச் செருகுவார்.

"ஏன் தம்பி, ரெண்டு கட்டுக் கீரைக்கா சார்ஜ் போடறே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சும்மா நிக்கறப்ப ஏறட்டுமே அக்கா. சூசா, கஷ்டம் ஒண்ணும் இல்லையே," என்றார்.

வெளியூர் போவதென்றால் அவர் வேறு மனிதராகிவிடுவார். முதலில் ஏசியை அணைப்பார். அப்புறம் பாட்டை அணைப்பார். பாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் போய்விடும் என்று அவர் மனைவி தேவகி கேட்டால் பதில் வராது. திரையில் தெரியும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு, இடது பாதையில் எண்பதில் போவார். அறுபதுக்குக் கீழே இறங்கினால் பேச்சு நின்றுவிடும். நாற்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை, இறங்க அவர் விட்டதும் இல்லை.

இந்த நிலையில்தான் அவர் மகள் லோகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அனுப்பிவிட்டு அந்த உறவை மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நெருங்கிய சொந்தமென்றால் கணவனும் மனைவியும் தாம்பாளத்தோடு வீட்டுக்கே போய், வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை வைத்து, "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்று சொல்லி நீட்ட வேண்டும். அதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவருக்கு.

தேவகிக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அண்ணன் பிச்சை செமிலிங்கில் இருக்கிறார். எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பலகை வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை. அப்பா இல்லாத வீட்டில் தேவகிக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர்தான். அதற்காக அன்றைக்கு இரண்டு மாட்டை விற்றார். தம்பி புவனேசன் அலோர் ஸ்டாரில் கைபேசிக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். இரண்டு மாடி வீடு, வாசலில் இரண்டு கார்.

லூனாஸிலிருந்து அலோர் ஸ்டாருக்கு நூறு கிலோமீட்டர். செமிலிங் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது. சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூட முதலில் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

"முதல்ல அண்ணன் வீடு. அப்புறம்தான் தம்பி வீடு," என்றாள் தேவகி. நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் உறையில் பெயர் எழுதும் வேலை என்னுடையது.

காளிதாசன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். அதில் வரைபடம், பச்சைப் புள்ளிகள், என்னென்னவோ எண்கள். "செமிலிங்ல இறங்கினா உங்க அண்ணன் விடுவாரா? தோசை, காப்பி, அப்புறம் மாட்டைப் போய்ப் பாக்கணும். அப்படியே பதினொரு மணி ஆயிடும். அதுக்குள்ள அலோர் ஸ்டார் பிளாசாவுல சார்ஜருக்கு ஆளு நின்னுடும். வெள்ளிக்கிழமை லா, எல்லாருக்கும் லீவு. நேரா அலோர் ஸ்டார் போவோம். சார்ஜ் போடுவோம். ராகு காலம் பத்தரைக்கு, அதுக்கு முன்னாடி புவனேசனுக்குக் குடுத்துடுவோம். திரும்பி வர்றப்ப அண்ணன் வீட்டுல நிம்மதியா உக்காரலாம். ஒரே நாள்தானே? காலையில குடுத்தா என்ன, மத்தியானம் குடுத்தா என்ன?"

"கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருசம் ஆச்சு. இன்னும் எங்க அண்ணனைத் தெரியல உங்களுக்கு," என்றாள் தேவகி.

"கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"என்னமோ பண்ணுங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குப் பட்டியலில் யாராவது விட்டுப்போய்விட்டார்களோ என்ற கவலை. பாலிங்கில் தேவகியின் சித்தப்பா, சீக்கில் அத்தை, இந்த இரண்டு வீட்டையும் காளிதாசன் தனியாக ஒரு தாளில் எழுதி, மேலே 'ரமணி அக்கா கார்' என்று தலைப்புப் போட்டிருந்தார். மலைப்பக்கம், சார்ஜர் கிடையாது என்பதால், என்னுடைய பெட்ரோல் காரில் அடுத்த வெள்ளிக்கிழமை போவதாம். என்னிடம் கேட்கக்கூட இல்லை. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் இந்த விஷயம் என் வாய்க்கு வரவில்லை. இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அவர்கள் இரண்டு பேர், பெயர் எழுத நான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று தேவகி ஒரு தேங்காயை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். நாலாவது ஆள். காளிதாசன் அதைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதன் எடை எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

ஹைவேயில் செமிலிங்குக்குப் பிரியும் இடம் வந்தபோது திரையில் எண்பத்து மூன்று காட்டியது. தேவகி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கார் நேராகப் போயிற்று.

அலோர் ஸ்டார் பிளாசாவில் சார்ஜர் காலியாக இருந்தது. காளிதாசனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த அன்றுகூட அப்படி இல்லை. அறுபத்திரண்டை எண்பதாக்கும் வரை காரிலேயே உட்கார்ந்து நாங்கள் கொண்டுபோன குவே பலகாரம் தின்றோம். பத்து மணிக்குப் புவனேசன் வீட்டில் இருந்தோம். புவனேசனும் மனைவியும் கிழக்கே பார்த்து நின்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது. புவனேசன் மனைவி கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தாள். நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அது குடும்பக் குழுவில் போய் விழுந்துவிட்டது. கீழே பூப்படம் போட்டு, 'லோகா கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை எங்களுக்கே!'

தேவகி அதைப் பார்த்தது திரும்பி வரும்போது ஹைவேயில். கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். செமிலிங் வரும் வரை அதைத் திருப்பவே இல்லை.

பிச்சை வாசலிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. தங்கை புருஷனை அவர் எப்போதும் "வாங்க மாப்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுபவர்.

"வாங்க மிஸ்டர் காளிதாசன்," என்றார். "உக்காருங்க. செல்லாயி, சாருக்குத் தண்ணி கொண்டா."

காளிதாசனுக்கு இயந்திரம் பேசும் பாஷைதான் புரியும். ஆனால் இந்த 'சார்' அவருக்கும் புரிந்துவிட்டது. உட்கார்ந்தவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தார். பிச்சையின் மனைவி செல்லாயி தண்ணீரோடு வந்து என் காதில் கிசுகிசுத்தாள். "காலையில போனைப் பாத்ததுல இருந்து ரெண்டு தடவை குளிச்சிட்டாரு அக்கா. கோவம் வந்தா குளிப்பாரு."

தேவகி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, பத்திரிகை..."

"பாத்துட்டேன் தாயி, போன்ல. நல்லா இருக்கு. ஓரமெல்லாம் தங்கக் கலரு." பிச்சை கையை நீட்டவில்லை. "உன்னை ஒண்ணும் சொல்லல. மாடி வீட்டுல குடுத்துட்டு, மிச்சம் மீதி இருந்தா பலகை வீட்டுக்கு வர்றது. ஊரு உலகத்துல நடக்கறதுதானே."

"மச்சான், சத்தியமா அதெல்லாம் இல்ல," என்றார் காளிதாசன். "பேட்டரி மச்சான். சார்ஜருக்கு வரிசை நின்னுடும்னு..."

"பேட்டரியா!" பிச்சை என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா ரமணி? முப்பது வருசம் லோரி ஓட்டினவன் நான். முள்ளு சிவப்புல கெடக்கும், ஆறு டன் குலையை ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போவேன். என்கிட்ட வந்து பேட்டரி கதை சொல்றாரு. தம்பி பெரிய ஆளு, அவனுக்கு முதல்ல குடுத்தேன்னு சொல்லிட்டாக்கூட மனசு ஆறிடும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமென்றால் சமாளிக்கலாம். இது கோபமில்லை, அவமானம். தான் வளர்த்த தங்கையே தன்னைக் குறைத்துவிட்டாள் என்று காலை முழுக்க நினைத்து நினைத்து அந்த மனிதர் நொந்துபோயிருந்தார். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வராமல் லோகேஸ்வரி எப்படி மணவறை ஏறுவாள்? இன்னொரு மாமன்தான் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அதைத் தேவகியிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவள் தாம்பாளத்தைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"பாலிங் சித்தப்பாவுக்குக் குடுத்தாச்சா?" பிச்சை திடீரென்று கேட்டார். "சீக் அத்தைக்கு?"

"அது அடுத்த வெள்ளிக்கிழமை," என்றார் காளிதாசன். "ரமணி அக்கா காடியில."

"அக்கா காடியில எதுக்கு? நீங்கதான் புதுக் காடி வாங்கியிருக்கீங்களே. இன்னைக்கே போவோம். நானும் வர்றேன். மூத்தவங்க ரெண்டு பேரும் வாங்கிக்கட்டும். அப்புறம் எனக்கு வேணுமா வேணாமான்னு சொல்றேன்."

காளிதாசன் என்னைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார். காரில் அறுபது இருந்தது. பாலிங் போய், சீக் போய், ஜெனியாங், குரூண் வழியாகத் திரும்பினால் நூற்று அறுபது கிலோமீட்டர். நடுவில் ஒரு சார்ஜர் கிடையாது.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்," என்றார் பிச்சை. "சாப்பாட்டு மேல எனக்குக் கோவம் இல்ல."

சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். காளிதாசன் அப்பளத்தைக்கூட உடைக்கவில்லை.

பிச்சை முன் சீட்டில் ஏறினார். நாலு பேர் ஆகிவிட்டதால் தேங்காய்க்கு விடுதலை கிடைத்தது. செல்லாயி அதை வாங்கிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டாள். கார் கிளம்பியதும் காளிதாசனின் விரல் பழக்கத்தில் ஏசி பொத்தானுக்குப் போயிற்று.

"ஏன், ஏசி கெட்டுப்போச்சா?" என்றார் பிச்சை.

"இல்ல மச்சான். அது கொஞ்சம் இழுக்கும்."

"இழுக்கட்டும்."

ஏசி ஓடியது. காளிதாசனுக்கு மட்டும் வேர்த்தது. ரப்பர்த் தோட்டமும் செம்பனையும் மாறி மாறி வந்தன. மேடு ஏறும்போதெல்லாம் அவர் முன்னால் குனிந்தார், தானே இறங்கித் தள்ளுகிறவர் போல. பிச்சை வழியைப் பார்க்கவில்லை. திரையில் ஓடும் எண்ணையும், அதைப் பார்க்கும் மனிதரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ஆள் நடிக்கிறாரா என்று கண்டுபிடிக்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாலிங்கில் முப்பத்தேழு. எண்பத்து நாலு வயதுச் சித்தப்பாவுக்கு ஒரே குஷி. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து முழுவதும் படித்தார். சித்தி வாழைப்பழ உருண்டை பொரித்து வந்தாள். காளிதாசன் நாலு தடவை எழுந்தார், நாலு தடவையும் சித்தப்பா உட்கார வைத்தார்.

சீக்கில் இருபத்தைந்து. அத்தை தனியாக இருக்கிறார். வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த பிளக் ஒன்றே ஒன்று, அதில் ஐஸ் பெட்டி மாட்டியிருந்தது. தேவகி அத்தையின் காலில் விழுந்து எழுகிறாள், காளிதாசன் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அத்தை ஐஸ் பெட்டியைக் கழட்டச் சொல்லவா?" என்றார் பிச்சை.

"இல்ல மச்சான், வேணாம்," என்றார் காளிதாசன். ஆனால் பதில் வர ஒரு நொடி தாமதமாயிற்று. அந்த ஒரு நொடியில் பிச்சையின் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

திரும்பும் வழியில் ஜெனியாங் தாண்டியதும் பதினாலு. கார் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு, திரையில் ஆமைப் படம் மாதிரி ஏதோ காட்டியது. காளிதாசன் இந்தச் சத்தத்தை அதற்கு முன் கேட்டதே இல்லை. வேகம் ஐம்பதாயிற்று, நாற்பத்தைந்தாயிற்று. பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான். பழைய மோட்டார் சைக்கிளில், பின்னால் இரண்டு அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு மலாய்ப் பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது ஜன்னல் வழியாக, யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்பது போலக் கவலையோடு எட்டிப் பார்த்தார். காளிதாசனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. முருகனையா கூப்பிடுகிறார், கிலோமீட்டரை எண்ணுகிறாரா, தெரியவில்லை.

பிச்சை மெதுவாகக் கையை நீட்டி ஸ்டீயரிங் மேல் இருந்த அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐஸா இருக்கே," என்றார். "காலையில என் ஊரைத் தாண்டிப் போனீங்களே, அப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"எண்பத்து மூணு, மச்சான்."

"எண்பத்து மூணா?"

"ஆமா."

"எண்பத்து மூணுக்கேவா பயந்தீங்க?"

காளிதாசன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா மச்சான். பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. உங்களைக் குறைச்சு நினைக்கற தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது."

பிச்சை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால் சிரித்தார். அப்புறம் வயிறு குலுங்கியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பு நின்ற பிறகும்.

"காலையில இருந்து என்னென்னமோ நினைச்சேன் தாயி," என்றார் பின்னால் திரும்பாமல். "இல்லாதவன், படிக்காதவன், லோரிக்காரன், அதான் இப்படின்னு. அந்த ரெண்டு மாடு முதற்கொண்டு நினைச்சேன். இந்த மனுசனுக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியுமா? அம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல உயிரை விட்டுக்கிட்டு இருக்காரு."

தேவகி தாம்பாளத்தை முன்னால் நீட்டினாள். "அண்ணே, வாங்கிக்குங்கண்ணே."

"நடு ரோட்டுலயா? வீட்டுக்கு வா. உங்க அண்ணியும் கூட நின்னு வாங்கணும்." அப்புறம் பக்கத்தில் திரும்பி, "மாப்ள, கொஞ்சம் மூச்சு விடுங்க. நின்னுபோனா நின்னுபோகட்டும். குரூண்ல என் பழைய லோரி சிநேகிதன் இருக்கான், கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போவான்," என்றார்.

கயிறு என்றதும் காளிதாசனுக்கு இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

கயிறு தேவைப்படவில்லை. ஏழு மணிக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, செமிலிங் வந்து சேர்ந்தோம். ஒன்பது சதவீதம். கார் அதுபாட்டுக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் மலையும் பள்ளமும் ஓடி முடித்துவிட்டு, இன்னும் இருபத்தைந்து ஓடலாம் என்று சொல்லிக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கியது ஓட்டியவருக்குத்தான்.

பிச்சை மூன்றாவது தடவையாகக் குளித்துவிட்டு வந்தார். இந்தத் தடவை நல்லதுக்குக் குளித்தார். அவரும் செல்லாயியும் கிழக்கே பார்த்து நின்றார்கள். நான் உறையில் பெயர் எழுதினேன். காளிதாசனும் தேவகியும் தாம்பாளத்தை நீட்டினார்கள். "மச்சான், நீங்க வந்து நின்னாத்தான் கல்யாணம்," என்றார் காளிதாசன். வேறு எதுவும் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பிச்சை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் அவரே கார் பக்கம் போய், காளிதாசன் வயரை எடுத்து வீட்டு முன்னறைப் பிளக்கில் மாட்டுவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறையில் தேவகி அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். தேவகி அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பதினாறு வருடம் ஆகிறதாம். எப்போது வந்தாலும், நேரமாயிற்று, கிளம்பு என்று காளிதாசன் அவசரப்படுத்துவாராம். செல்லாயி சொன்னாள்.

"வீட்டுக்குப் போற அளவுக்கு இது ஏற எத்தனை மணி நேரம் பிடிக்கும் மாப்ள?" என்றார் பிச்சை.

காளிதாசன் திரையைப் பார்த்தார். அப்புறம் சமையலறை வாசலைப் பார்த்தார்.

"பதினாறு மணி நேரம் மச்சான்," என்றார்.

பிச்சை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்லாயி, அரிசியைக் கூட்டிப் போடு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இவங்க எங்கேயும் போக முடியாது!"

செமிலிங்கிலிருந்து லூனாஸுக்கு ஐம்பது கிலோமீட்டர். அந்தப் பிளக்கில் மூன்று மணி நேரம் போட்டால் போய்விடலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனை மாதம் கேட்டவளுக்கு இந்தக் கணக்குக்கூடவா தெரியாது? அவர் தப்பான எண் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறக்காமல் உள்ளே போய் தேவகி பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.